ராத்தா வாங்கிய விலை

மச்சான் மௌத்தாகி அடக்கமான பிறகு, நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா தில்லையடி வீட்டை விட்டு மகளோடு இருக்கப் போக முடிவெடுத்தார். மகளின் வீட்டுக்கு மேலே தனக்கு ஓர் அறை கட்ட வேண்டும். அதற்காக வீட்டுச் சாமான்களை முகநூலில் போட்டு விற்றார். தேக்கு அலுமாரி, கதிரை செட், பிரிட்ஜ், எல்லாம் அவர் பல வருடம் பாவித்துப் பழகியவை.

ஆலங்குடாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகள் இருந்ததால், அவருக்கு வருமான வரிக் கோப்பும் இருந்தது. கோப்பு உள்ளவரின் வங்கிக் கணக்கில் திடீரென்று காசு ஏறினால் யாராவது கேட்பார்கள். கேட்டவர் அவருடைய கணக்காளர், சிலாபத்துக்காரர். ஒவ்வொரு சாமானும் வாங்கிய விலை, விற்ற விலை என்று எழுதி வைக்கச் சொன்னார். ராத்தா அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார்.

கணக்காளர் வந்த அன்று நானும் இருந்தேன். மச்சானின் தங்கையும் இருந்தார். பக்கத்து வீடு. அழைக்காமலே வருவார். ராத்தா அந்தத் தாளை எழுதும்போதும் இவர் பக்கத்திலேயே இருந்தாராம்.

கணக்காளர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அக்கா, அலுமாரிய முப்பதாயிரத்துக்கு வாங்கி அறுபதுக்கு வித்திருக்கிறீங்க. பிரிட்ஜ்லயும் லாபம். பாவிச்ச பிரிட்ஜ்ல லாபம் எடுத்த ஆள இப்பதான் பாக்கிறன்.”

“சாமான் அப்பிடி,” என்றார் ராத்தா.

“வாங்கின விலைக்குக் குறைய வித்திருந்தா அது வருமானமில்ல. எல்லாத்திலயும் லாபமெண்டா, இது யாவாரமா எண்டு கேப்பாங்க. அறை கட்ட வச்சிருக்கிற காசில ஒரு பங்கு போயிடும்.”

எங்கள் ஊரில் ஒரு பொருளின் விலையைக் கேட்டால் பெண்கள் கொடுத்த விலையைச் சொல்வதில்லை. நன்றாகக் குறைத்துச் சொல்வார்கள். கடைக்காரனை மடக்கியதாகப் பெயர் வரும். ராத்தாவின் பெயர் பெரிது. அந்தப் பெயர்தான் இப்போது வரித் தாளில் ஏறியிருந்தது.

“பில் இருக்கா?”

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து ஒரு பையோடு விரட்டப்பட்ட குடும்பம் எங்களுடையது. அதற்குப் பிறகு ராத்தா ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட எறிந்ததில்லை. பில் இருந்தது.

“மச்சி, ஒரு பிளேன்டீ ஊத்திட்டு வாங்களேன்,” என்றார் ராத்தா, மச்சானின் தங்கையிடம்.

“வரக்குள்ளயே ஊத்திக் கொண்டு வந்துட்டன், மச்சி.”

ராத்தா அறை வாசலைப் பார்த்தார், மச்சானின் தங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், நான்காக மடித்த பில்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கணக்காளருக்கு ஒரு கெட்ட பழக்கம்: எண்களைச் சத்தமாக வாசித்துத்தான் எழுதுவார்.

“அலுமாரி, எழுபத்தெட்டாயிரம்.”

மச்சானின் தங்கை கோப்பையைக் கீழே வைத்தார்.

“எழுபத்தெட்டா? என்ட மனுசன் இதே அலுமாரிய எழுபதுக்கு வாங்கிட்டு வந்தாரெண்டு பெருநாள் வரைக்கும் அவரோட கதைக்காம இருந்தேனே! ‘மச்சி முப்பதுக்கு வாங்கியிருக்காவு, உங்களுக்கு வாய் இல்லையா’ எண்டு கேட்டேனே!”

“கடைக்காரன் விலையில கழிவு ஒண்டும் போடலயா அக்கா?” என்று கணக்காளர் மெய்யாகவே விசாரித்தார்.

“எழுதுங்க,” என்றார் ராத்தா பல்லைக் கடித்துக்கொண்டு. “அடுத்தது கதிரை செட். அத வாய்க்குள்ள வாசிங்க.”

மச்சானின் தங்கை தன் பிளாஸ்டிக் கதிரையைக் கணக்காளருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.