ஒரே சுற்று

ஃப்ளோரிடாவின் அந்தக் கழிமுகத்தில் வெர்னாவின் வாய்க்குப் பயப்படாத படகுக்காரன் கிடையாது. குளிர்காலத்தில் ஆற்றுக்குள் பாஸ் மீன், மே பிறந்தால் கடல்வாயில் டார்பன். வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போய்த் தூண்டில் போடவைத்தே அவளுக்கு வயதாகிவிட்டது. அந்தப் பிழைப்பில் அவள் மூக்கும் விலாவும் உடைந்திருக்கின்றன. போதையில் மீனைப் பாட்டிலால் அடித்த ஒருவனைக் கழுத்தைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியிருக்கிறாள். சனியன் நீந்தித்தான் கரை சேர்ந்தது.

படகில் அவளுக்குத் துணை தம்பி ஹாஸ்கெல். தூண்டில் நுனியிலுள்ள தடித்த தங்கூஸ் நரம்பைக் கையால் பிடித்துவிட்டாலே மீன் பிடிபட்டதாகக் கணக்கு. அப்புறம் அறுத்து அதை விட்டுவிடுவார்கள். பிடிப்பது ஹாஸ்கெலின் வேலை. உள்ளங்கையில் ஒரே சுற்றுதான் சுற்ற வேண்டும், விரலை விரித்ததும் கழன்றுவிடும். இரண்டு சுற்று என்றால் இறுகிக்கொள்ளும், கழலவே கழலாது.

அன்றைக்கு வந்தவன் ரெட்டிக் என்கிற கட்டட முதலாளி. மூச்சிரைக்க மல்லுக்கட்டி ஆள் உயர டார்பன் ஒன்றைப் படகோரம் கொண்டுவந்துவிட்டான்.

"மீன் தெம்பா இருக்கு, நீங்கதான் செத்துருவீங்க போல," என்று சிரித்தபடியே ஹாஸ்கெல் குனிந்து தங்கூஸைப் பிடித்தான்.

"பிடிச்சாச்சுல்ல, அறுத்து விடுடா," என்றாள் வெர்னா.

"இருங்க கேப்டன், ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றான் ரெட்டிக்.

அதற்குள் சுத்தியல் தலைக் கொம்பன் சுறா ஒன்று வந்துவிட்டது. அடியிலிருந்து எழும்பி டார்பனின் வயிற்றைக் கவ்வி உதறியது. ரத்தம் வெர்னாவின் முகத்தில் தெறித்தது.

"விட்றா, விட்றா!"

ஹாஸ்கெல் விரல்களை விரித்தான். தங்கூஸ் கழலவில்லை. இரண்டு சுற்று சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். சுறா மீனோடு கீழே இறங்கியது, அவனும் தலைகீழாகப் போனான்.

வெர்னா பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்தாள். இன்னொரு கையில் கத்தியை உருவினாள். ரெட்டிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அறுக்காதீங்க, அது என் மீனு."

முழங்கையால் அவன் வாயில் இடித்தாள். பல் உடைந்து உட்கார்ந்துவிட்டான் பாவி. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கத்தி பிடித்த விரல்களாலேயே தம்பியின் கையைத் தடவி, ரத்தக் கலங்கலில் கண் தெரியாமல் கத்தியை இழுத்தாள். தங்கூஸ் எது, விரல் எது என்று பார்க்க நேரமில்லை. கடினமாக ஏதோ தட்டியது. இன்னும் அழுத்தி இழுத்தாள். ஹாஸ்கெல் மேலே வந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தான்.

"ஏன்டா ரெண்டு சுத்து சுத்துன?"

"கையில பிடி நிக்க மாட்டேங்குதுக்கா, போன வருஷத்துலருந்து. சொன்னா வேற ஆளப் போட்ருவ."

கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். நர்ஸ் ஓடிவந்தாள்.

"போட்டுத்தான் இருப்பேன். உன்னைப் படகு ஓட்ட உக்காத்தியிருப்பேன், நாயே. உன் விரல சுறா எடுக்கலடா. ரெண்டையும் நான்தான் அறுத்தேன்."

"தெரியும்க்கா. தண்ணிக்குள்ள முழிச்சிட்டுத்தான் இருந்தேன்."

வெர்னா கட்டைத் தொடப் பயந்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.