வலைப்பக்கத்தில் எரிந்த இரண்டு விளக்குகள்

என் முகம் தலைமுடியில் தொடங்கிக் கீழ்நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில், பேருந்து நிலையத்துக்கு அண்மையில் இருந்த இணையக் கடையொன்றில் அமர்ந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பு ஆதலால் படம் கீற்றுக் கீற்றாகவே வந்தது. முதலில் நரைத்த முடி, பிறகு நெற்றி, மூக்குக்கண்ணாடி. வாய் வந்து சேருவதற்குள் மின்சாரம் ஒருமுறை தளர்ந்து மீண்டது.

படம் முழுமை பெற்றபோது அதைச் சுற்றி முட்டை வடிவச் சட்டம் ஒன்று இருந்தது. சட்டத்தின் இரு பக்கங்களிலும் குத்துவிளக்குகள் எரிந்தன. சுடர்கள் அசையும்படி செய்திருந்தார்கள். கீழே வெண்தாமரை மலர்கள். அவற்றின் கீழே, வளைந்த எழுத்துகளில், ‘வேலணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற விரிவுரையாளர்’ என்று தொடங்கி என் பெயர்.

கடையை நடத்திய பெண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஐயா, உங்கடை தமையனாரோ? உரிச்சு வைச்ச மாதிரி உங்களைப் போலவே இருக்கிறார். எப்ப நடந்தது?”

“அது நான்தான், பிள்ளை.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப ஏன் ஐயா விளக்கு?”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வாக்கியத்தை மறுபடியும் வாசித்தேன்.

எங்கள் பகுதியில் ‘பிறப்பிடமாகவும்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒரே ஒரு விதமாகத்தான் முடியும். பத்திரிகையிலும் வானொலியிலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எந்த ஊர், யாருடைய தகப்பன் என்பதுதான் அடுத்த கவனம். ‘காலமானார்’ என்னும் சொல் வரும்வரை எவரும் காத்திருப்பதில்லை. அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் அந்த வாக்கியம் ‘எழுதும் பதிவுகள்’ என்று முடிந்திருந்தது. அதுவரை யார் வாசிக்கப்போகிறார்கள்?

அந்தப் பக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சொல்லவேண்டும்.

போரினால் தரைப்பாதை மூடியிருந்த காலத்தில் என் மனைவி நோயுற்றாள். அனுமதி பெற்று, கப்பலில் அவளைத் திருகோணமலைக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டு சென்றேன். திரும்பி வந்தபோது நான் தனியாக வந்தேன். கொழும்பு மயானத்தில் என்னுடன் நின்றவர்கள், நாங்கள் தங்கியிருந்த விடுதியில் அறிமுகமான சிலர் மட்டுமே. நயினாதீவில் வாழ்ந்த என் அக்காவுக்குச் செய்தியே பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அந்த விடுதி முற்றத்திலேயே முடிந்தது. அந்த நாளில் உறவினர்க்கு வழங்கும் நினைவு மலரை நாங்கள் ‘கல்வெட்டு’ என்போம். அவளுக்குக் கல்வெட்டும் அச்சிடப்படவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்காக எவரும் வாய்விட்டு அழவில்லை.

சமாதான காலம் வந்து பட்டினத்தில் இணையக் கடைகள் திறந்தபின், கட்டணம் இல்லாத ஒரு வலைப்பதிவைத் தொடங்கினேன். வெள்ளைப் பின்னணி, கறுத்த எழுத்து. அவளைப் பற்றி எழுதினேன். வானொலியில் செய்தி வாசிப்பவரோடு அவள் வாதாடுவதை எழுதினேன். விருந்தினர் வந்தால் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவிட்டு, யாரென்று தெரியாமலே சிரிப்பதை எழுதினேன். கடலுக்கு அவள் அஞ்சியதையும், அந்தக் கப்பல் பயணத்தையும் எழுதினேன். அழ வாய்ப்புக் கிடைக்காத உறவினர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அவளிடம் வந்து சேரவேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இருக்கவில்லை. சிலர் வந்தார்கள். ஓரிரு வரி எழுதிவிட்டுச் சென்றார்கள்.

ரொறன்ரோவில் இருந்த மகளுக்கு அந்த வெள்ளைப் பக்கம் பிடிக்கவில்லை.

“அப்பா, இது சோதினைப் பேப்பர் மாதிரிக் கிடக்கு,” என்றாள் தொலைபேசியில். “அம்மாவைப் பற்றி எழுதுறதுக்கு ஒரு வடிவு வேண்டாமோ?”

“எழுத்து வடிவாய் இருந்தால் காணாதோ, பிள்ளை?”

“எழுத்தை வாசிக்க முதல் ஆக்கள் பக்கத்தைத்தானே பாப்பினம். இஞ்சை எங்கடை ஆக்களுக்கு வெப்சைற் செய்யிற ஒருத்தர் இருக்கிறார். நல்ல கெட்டிக்காரன்.”

அவர் கேட்ட தொகையை அவள் சொன்னபோது தொலைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தேன். அந்தப் பணத்தில் ஒரு கிணற்றை இறைத்து, கட்டி, படியும் வைக்கலாம். எனினும் நான் மறுக்கவில்லை. தாயின் சிதையருகே நிற்க முடியாதுபோன பிள்ளை செலவு செய்ய விரும்பினாள். அதைத் தடுக்க எனக்கு என்ன உரிமை?

அந்தக் கெட்டிக்காரர் திருமணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்திய வீடுகளுக்கும் பக்கங்கள் செய்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக, மரணங்களுக்குச் செய்பவர். எங்கள் மக்கள் இணையத்தில் பெரும்பணம் கொடுத்துப் பக்கம் செய்விப்பது இறந்தவர்களுக்கே என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதுபவர் நான் என்பதால் என் படத்தை வைத்தார். தமக்குப் பழகிய விளக்குகளையும் வைத்தார். அறிமுக வாக்கியத்தை மகள் எழுதிக்கொடுத்தாள். “ஊரைச் சொல்லுறதெண்டால் அப்பிடித்தானே அப்பா எழுதுறது?” என்று பின்னர் என்னிடம் கேட்டாள்.

தாமரைகளின் கீழே ‘உள்ளே செல்ல’ என்று சிறிய எழுத்தில் ஒரு வாசல் இருந்தது. என் பதிவுகள் யாவும் அதற்கு அப்பால். அதை அழுத்தினேன். திரை வெறுமையாகி அப்படியே நின்றது. மறுபடியும் அழுத்தினேன்.

“இந்த லைனிலை அது திறக்க ஏலாது, ஐயா,” என்றார் கடைக்காரப் பெண். “சரியான பாரம்.”

என் மனைவியைப் பற்றி நான் எழுதிய ஒரு சொல்லைக்கூட அன்று என்னால் காண முடியவில்லை. பக்கத்தை உடனே அகற்றுமாறு மகளுக்கு மின்னஞ்சல் எழுதினேன். கனடாவில் அப்போது நள்ளிரவு. அவள் விழித்தெழும்வரை விளக்குகள் எரியத்தான் போகின்றன. உறவினர் அனைவருக்கும் முதல்நாளே முகவரியை அனுப்பிவிட்டதாக அவள் சொன்னது, வீடு திரும்பும் பேருந்து பண்ணைப் பாலத்தில் ஏறிய பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

வேலணைச் சந்தியில் இறங்கிக் குடையை விரித்தேன். எதிரே எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருபவர் நின்றார். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர். நெடுநாள் பழக்கம். அன்று அவரிடம் மீன்பெட்டி இல்லை. வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். என்னைக் கண்டதும் சைக்கிளைக் கைவிட்டார். அது சரிந்து விழுந்தது. அவர் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்.

“மாஸ்டர், நீங்களோ?”

“நான்தான். எங்கை வெளிக்கிட்டனீர்?”

“உங்கடை செத்தவீட்டுக்கு.”

அவர் சைக்கிளை நிமிர்த்தினார். பிறகு அவர் விளக்கினார். “சுவிசிலை இருந்து நயினாதீவுக்கு இரவு கோல் வந்ததாம். கொம்பியூட்டரிலை உங்கடை படம் போட்டு ரெண்டு பக்கமும் விளக்கு எரியுதாம். பிறகென்ன? காலமை வந்து பாத்தம், வீடு பூட்டு. ஆஸ்பத்திரியிலை எண்டு நினைச்சம். உங்களுக்கெண்டு இண்டைக்குத் தொழிலுக்கும் போகேல்லை, மாஸ்டர்.”

கடைசி வாக்கியத்தில் சிறிய மனத்தாங்கல் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

“உங்கடை தமக்கை காலமை வள்ளத்திலை வெளிக்கிட்டிட்டாவாம்,” என்றார் அவர்.

அக்காவுக்கு நெஞ்சு வருத்தம். மாத்திரையில் வாழ்கிறவர். நயினாதீவிலிருந்து குறிகட்டுவான் துறைவரை கடல். அங்கிருந்து எங்கள் சந்திவரை பேருந்து. அவ்வளவு தூரமும் தம்பி இறந்துவிட்டான் என்று நெஞ்சில் சுமந்தபடி வந்துகொண்டிருந்தார். அந்த நெஞ்சு சந்திவரை தாங்குமா என்பதைத் தவிர வேறெதையும் என்னால் எண்ண முடியவில்லை.

“நான் இதிலையே நிக்கிறன். இறங்கின உடனை காணட்டும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ, மாஸ்டர். எனக்கே சைக்கிள் விழுந்தது. அந்த மனுசி விழுந்திடும். நீங்கள் அந்த மதிலுக்குப் பின்னாலை நில்லுங்கோ. நான் பஸ்சிலை ஏறிச் சொல்லுறன்.”

ஆகவே உயிரோடு இருக்கும் நான், உயிரோடு இருப்பது தெரியாதவாறு, ஒரு மதிலின் பின்னால் குடையோடு நின்றேன்.

பேருந்து வந்தது. அவர் ஏறினார். நெடுநேரம் எவரும் இறங்கவில்லை. நடத்துனரின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா, வெள்ளைச் சேலையில், கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். மதிலைவிட்டு வெளியே வந்தேன். அவர் என் காலிலிருந்து தலைவரை பார்த்தார். அழவில்லை.

“ஏன்டா தம்பி, செத்தவனுக்கு என்னத்துக்கடா குடை?”

குடையைச் சுருக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடுவரை விடவில்லை.

வீட்டு வளவில் அயலவர் கூடியிருந்தார்கள். யாரோ உட்கார வாங்குகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தவர்கள் மீண்டும் அமர்வதா, வீட்டுக்குப் போவதா என்று அறியாமல் நின்றார்கள். கதவைத் திறந்தேன். அக்கா உள்ளே வந்து மனைவியின் படத்துக்கு முன்னால் கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கினார்.

“என்னத்தைத்தான் எழுதினனி அந்தக் கொம்பியூட்டரிலை?”

“உங்கடை மச்சாளைப் பற்றித்தான்.”

“ஒருத்தரும் அதைச் சொல்லேல்லையே. விளக்கைப் பற்றித்தானே சொல்லிச்சினம்.”

“உள்ளை போய் ஒருத்தரும் பார்க்கேல்லை, அக்கா.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாக் காலங்களில் நாங்கள் நயினாதீவுக்குப் போகும்போதெல்லாம், வள்ளம் புறப்பட்டது முதல் என் மனைவி கண்களை இறுக மூடிக்கொள்வாள். துறையில் கைபிடித்து இறக்குபவர் அக்காதான்.

“கப்பலிலை பயந்தவளோ?” என்று கேட்டார்.

அதை ஒரு முழுப் பதிவாக எழுதியிருந்தேன். பலமுறை திருத்தியிருந்தேன். அப்போது எனக்கு வாய்த்தவை சில சொற்கள் மட்டுமே.

“ஓம். கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தவள். வந்திட்டுதோ, வந்திட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவள்.”

“நீ என்ன சொன்னனி?”

“இந்தா அக்கா நிக்கிறா எண்டு சொன்னனான்.”

அக்கா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி அரிசி இருந்தது. எனக்கு வாய்க்கரிசி போடுவதற்காக நயினாதீவிலிருந்து முடிந்துகொண்டு வந்தது. “அவளுக்குப் போடக் கிடைக்கேல்லை,” என்று சொல்லி, அதைப் படத்தின் முன்னால் மெதுவாக வைத்தார். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டு, என் மனைவியின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். வளவில் தயங்கி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவரைச் சுற்றி அமர்ந்தார்கள். அந்த வீட்டில் அவளுக்காக எழுந்த முதல் அழுகுரலை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

வாசல் படலையில் புதிதாக வந்த யாரோ வினவுவது கேட்டது.

“மாஸ்டர் இருக்கிறாரெல்லோ. அப்ப ஆருக்கு அழுகினம்?”

“மாஸ்டரின்ரை மனுசிக்கு,” என்றார் வெள்ளைச் சட்டை அணிந்த மீன்காரர். “செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளை போங்கோ.”