எதை நினைத்தாலும் 1089

ஈர மணலில் துடைப்பக் குச்சியால் எண் எழுதினால் சர்ரென்று ஒரு சத்தம் வரும். இப்போதும் அந்தச் சத்தம் எங்காவது கேட்டால் அப்படியே நின்றுவிடுவேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் ஃபைபர் படகு வாடைக்காற்றில் சிக்கித் திரும்பாமல் போன அந்த மழைக்காலம் முழுக்க, நானும் அக்காவும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "கடலு பேஜாரா கீது, தேடப் போவ முடியாது" என்று பெரியவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

நாங்கள் உட்கார்ந்த இடம் "கல்லாண்ட". கரையில் பாதி புதைந்து சாய்ந்திருந்த பழைய கல்வெட்டுக்குக் "கல்லு" என்றுதான் பெயர். படகுக் கயிற்றை அதில் கட்டுவார்கள். கடலுக்குப் போனவர் திரும்பத் தாமதமானால் அந்த வீட்டுப் பெண்கள் பொழுது சாயும்போது அதன்மேல் அகல் ஏற்றுவார்கள். வரலாற்று டீச்சர் ஒருமுறை வந்து தடவித் தடவிப் படித்தார். சோழர் காலத்துக் கல்லாம். ராஜாவின் ஆட்சியாண்டை வைத்துக் கணக்குப் போட்டால் 1089 வருகிறதாம். கோயில் விளக்கு அணையாமல் எரிய யாரோ ஆடு கொடுத்திருக்கிறார்களாம். அந்த ஆடுகளுக்குக் கல்லில் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஒன்று செத்தால் குட்டியொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும், கணக்கில் குறையாது. நைனாவுக்கும் அப்படியொரு கணக்கு இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பத்தாவது படித்த அக்காவுக்கு அந்த எண்மேல் பித்து. முப்பத்து மூன்றை முப்பத்து மூன்றால் பெருக்கினால் 1089. அதை ஒன்பதால் பெருக்கினால் அப்படியே திரும்பி 9801 ஆகும். அம்மா படுத்துவிட்டாள். அழுது மூச்சு முட்டிய என்னை அக்காதான் கல்லாண்ட இழுத்துவந்தாள்.

"மூணு இலக்கத்துல ஒரு நம்பர் நென்ச்சிக்கோ. திருப்பிப் போட்டு, பெருசுலருந்து சின்னத கழி. வர்றத திருப்பிப் போட்டுக் கூட்டு. கல்லு வருசம் வந்துச்சின்னா நைனா வந்துகினு கீதுன்னு அர்த்தம்."

742 போட்டேன். 247ஐக் கழித்தால் 495. அதோடு 594ஐக் கூட்டினால் 1089! அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. பிறகு தினமும் போட்டேன், தினமும் வந்தது. படகில் எழுதியிருந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 848. அதைப் போடலாமென்றால் மட்டும் அக்கா குச்சியைப் பிடுங்கிக்கொள்வாள். சாமி குத்தம் போலும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் 352 போட்டேன். கழித்தால் 99, திருப்பினாலும் 99, கூட்டினால் 198. "நைனா செத்துப்போச்சு" என்று நான் போட்ட அலறலில் வலை உலர்த்தியவர்கள் ஓடிவந்தார்கள். அக்கா பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகு 99க்கு முன்னால் ஒரு சைபர் போட்டாள். "மூணு இலக்கம்னா 099. திருப்புனா 990. கூட்டுடீ."

வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதைப் போட்டாலும் இதுதான் வரும். இது சேதியில்லை, வெறும் கணக்கு.

"நீ என்னிய ஏமாத்துற."

"ஆமா. இன்னா பண்ணச் சொல்ற? உன்ன அழாம வெச்சிக்க வேற கணக்கு எனக்குத் தெரியாது" என்று அவளே அழுதாள்.

தெரிந்தும் மறுநாள் குச்சியை எடுத்தேன். பொய்யானாலும் ஏதோ ஒன்று வந்ததே.

நைனா வரவில்லை. படகின் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. பல வருடம் கழித்து நான் கேளம்பாக்கத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டேன். ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவந்த கடல், போன மழையில் கல்லையும் கொண்டுபோய்விட்டது. அகல் வைக்க இடமில்லை. பெண்கள் கையில் செல்போனோடு கரையில் நிற்கிறார்களாம். இதை அக்காதான் போனில் சொன்னாள். பேசி முடித்தபின், என்ன தோன்றியதோ, மகளின் சிலேட்டில் முதன்முறையாக 848 எழுதினேன்.

திருப்பினாலும் 848. கழித்தால் சைபர். அதைத் திருப்பினாலும் சைபர், கூட்டினாலும் சைபர்.

முதல் நாளே அக்கா இதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தச் சைபரை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க எனக்கு மட்டும் 1089 வரவைத்திருக்கிறாள்.