உடைப்பதற்கென்று ஒரு லேப்டாப்

என் மேசைமேல் இருக்கும் பழைய லேப்டாப்பின் மூடியில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நோட்டு அட்டையில் ஒட்டுகிற வகை. ஓரத்தில் ஒரு மயில், நடுவில் மூன்று கோடுகள். பெயர் என்ற இடத்தில் ‘பயிற்சி’ என்று எழுதியிருக்கிறது. வகுப்பு என்ற இடம் காலி. பாடம் என்ற இடத்தில், நீல மையில், கொஞ்சம் பெரிய எழுத்தாக, ‘உடைக்கலாம்’. எழுதியவர் என் அக்காவின் கணவர். தெலுங்குப் பேச்சு கலந்த எங்கள் வீட்டில் அவரைப் பாவா என்போம். போன வாரம் இதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தவர், “இனிமே இது உனுக்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த லேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகின்றன. அதில் வெட்கம்தான் அதிகம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை இது. பாவாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி, அரக்கோணத்தில் ஒரு தனியார் சரக்குக் கிடங்குக்குப் போய்ப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எந்த லாரி, எந்த ஊர், எத்தனை மூட்டை என்று இருபது வருஷமாக எழுதிய கை. திடீரென்று ஒருநாள் நிர்வாகம் பதிவேட்டுப் பிரிவையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. இரண்டு மாதத்தில் கணினியில் ஒரு செய்முறைத் தேர்வு. தேறுகிறவர்களுக்கு அங்கேயே புதிய அறிக்கைப் பிரிவில் இடம். மற்றவர்கள் எல்லோரும் ஓசூர்க் கிடங்குக்கு. அக்காவுக்கோ ஆர்.கே.பேட்டைப் பள்ளியில் ஆசிரியை வேலை, பெண் பத்தாம் வகுப்பு. பாவா ஓசூர் போனால் குடும்பம் இரண்டாகும். “நான் போவ மாட்டேன். இந்த வயசுல தனியா ரூம் எடுத்து மெஸ்ஸுல சாப்டணும்னு எனக்கு இன்னா தலையெழுத்து?” என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். அழவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தேர்வுக்கு வைத்திருந்த பாடத்தின் பெயர் பல்பரிமாணத் தரவுப் பகுப்பாய்வு. பெயர்தான் மிரட்டும். விஷயம் இவ்வளவுதான்: அனுப்பிய மூட்டைகள் என்ற ஒரே எண்ணை நாள் பக்கமிருந்து பார்க்கலாம், ஊர் பக்கமிருந்து பார்க்கலாம், சரக்கு பக்கமிருந்து பார்க்கலாம். மூன்றையும் சேர்த்து ஆடி மாதம், திருவாலங்காடு, அரிசி என்று ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்தும் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதற்குத் தோதாக எண்களை அடுக்கி வைப்பதை எங்கள் தொழிலில் க்யூப் என்பார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடி நான் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான். ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே இது தெரிந்த ஒரே ஆள் நான் என்ற நினைப்பு. “ஒரு ஞாயித்துக்கிழமை போதும் பாவா, எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடறேன்” என்றேன்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. பாவாவின் லேப்டாப்பில் நினைவகம் போதவில்லை. அதைக் கூட்டினால் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. அக்கா பெண்ணின் பிறந்தநாள் வீடியோக்களை எல்லாம் பென்டிரைவுக்கு மாற்றி இடம் பண்ணினோம். அடியில் தரவுத்தளம், அதன்மேல் க்யூப், எடுத்துப் பார்க்க எக்ஸெல் என்று மூன்று அடுக்கு. தரவுத்தளம் வந்துவிட்டது. க்யூப் மட்டும் எழவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. பார்த்தால், தரவைப் படிக்க க்யூபுக்கு நான் அனுமதியே கொடுத்திருக்கவில்லை. அது பாவம், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கம்பெனியில் இதையெல்லாம் வேறொரு பிரிவு செய்து கொடுத்துவிடும். நான் என் வாழ்நாளில் இதை ஒருமுறைகூடச் செய்ததில்லை என்பதை பாவாவிடம் மட்டும் சொல்லவில்லை.

க்யூப் எழுந்து நின்றதும் பாவா வேலையில் இறங்கினார். தினமும் ரயிலுக்கு முன்னால் ஒரு மணிநேரம். தினமும் எதையாவது உடைத்தார். மென்பொருளோடு மாதிரிக்கு வந்த தரவில் எங்கோ வெளிநாட்டில் சைக்கிள் விற்ற கணக்கு இருந்தது. “எனக்கு இந்த ஊருங்களத் தெரியாது, இவங்க சைக்கிள் வித்தா இன்னா, விக்காட்டி இன்னா?” என்று அதைத் தூக்கிவிட்டு, கிடங்கில் கண்ணால் பார்த்த லாரிகளை நினைவிலிருந்தே உள்ளே ஏற்றினார். ஊர், வட்டம், மாநிலம் என்று படிவரிசை கட்டச் சொன்னேன். கட்டினார். ஆந்திரத்தின் மொத்தம் வெறுமையாக வந்தது. ஆந்திரத்து ஊர்களான நகரியையும் புத்தூரையும் திருத்தணிக்குக் கீழே வைத்திருந்தார் மனுஷன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் அசரவில்லை. “நகரிக்காரன் துணி எடுக்க இங்கதான வரான்? நம்ம ஊரே ஒரு காலத்துல அந்தப் பக்கம் இருந்ததுதானம்மா” என்றார். அதைத் திருத்தப்போய் அடுத்த நாள் படிவரிசை முழுவதையும் அழித்துவிட்டார். அதற்கடுத்த நாள் க்யூபே திறக்கவில்லை.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் வேலையை விட்டுவிட்டுத் தினமும் இரண்டு தெரு தாண்டிப் போய்ப் பழுது பார்த்து அலுத்துப்போயிருந்தேன். ஒருநாள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அவருக்கென்று தனியாக ஒரு நுழைவுப் பெயர் உண்டாக்கினேன். அதில் அவர் பார்க்கலாம், புரட்டலாம், எதையும் மாற்ற முடியாது. எதையும் மாற்றவிடும் நிர்வாகிக் கடவுச்சொல்லை என்னிடமே வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் போன் வரவில்லை. பாவா ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவரே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் உயரவில்லை. “நீ பூட்டிட்டு வந்துட்ட. நான் ஜன்னல் வழியா பாத்துகினு நிக்கறேன். ஆபீஸ்ல உடைச்சா வேலை போவும், அங்க நான் கைய வைக்க முடியாது. இங்க உடைச்சா இன்னாம்மா போவும்?” என்று கேட்டார். பிறகு அவர் சொன்னதுதான் சுருக்கென்றது: “நீ ஒண்ணும் உடைச்சதே இல்லியா?” இல்லை. பத்து வருஷமாக யாரோ கட்டிக் கொடுத்ததை, எங்கே உடைந்துவிடுமோ என்று ஓரமாகத் தொட்டுத் தொட்டே நான் பிழைத்துவந்திருந்தேன். அந்தப் பயத்தைத்தான் அவருக்கும் பூட்டாகப் போட்டிருந்தேன். ஒரு தாளில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது மூடியில் மயில் லேபிள் ஒட்டியிருந்தது. மகளுடைய லேபிள் தாளிலிருந்து ஒன்றைக் கிழித்திருக்கிறார். லேபிள் ஒட்டியதோடு நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல், நான் நிறுவிக் கொடுத்தவை அத்தனையையும் தாமே அழித்துவிட்டு வெறும் டிஸ்கிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். முதல் ஞாயிறு பொழுது சாய்கிறவரை ஆனது, எனக்கு ஒன்பது போன். என்ன செய்தார், என்ன சிவப்புச் செய்தி வந்தது, எதனால் தீர்ந்தது என்று லாங்சைஸ் நோட்டில் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு எழுதினார். நான்காவது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார். எனக்குப் போனே வரவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன.

தேர்வு நடந்ததை அன்று மாலை அக்கா வீட்டுக் கூடத்தில், ரயிலில் கசங்கிய சட்டையோடு நின்றபடியே சொன்னார். கேள்வித்தாள் கொடுத்ததும் பாதி கணினிகளில் க்யூப் திறக்கவில்லையாம். ஆளாளுக்குக் கை தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளருக்காகக் காத்திருந்தார்கள். பாவா திரையிலும் அதே சிவப்பு எழுத்து. “அதப் பாத்ததும் சொந்தக்காரன் வந்துகினு இருக்கற மாதிரி ஆயிடுச்சு. வாடான்னு உக்காந்தேன்.” பின்னணியில் ஓடவேண்டிய ஒரு சேவை நின்றுபோயிருந்தது, இன்னொன்றுக்கு அனுமதி இல்லை. இரண்டையும் சரிசெய்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார். மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தபோது பாவா மூன்றாவது கேள்வியில் இருந்தார். பத்து நாளில் முடிவு வந்தது. ஓசூர் போகவேண்டியதில்லை. அக்கா சமையலறைக்குள் போய்க் கொஞ்சநேரம் வெளியே வரவே இல்லை.

இப்போது முறை என்னுடையது. என் கம்பெனி பழைய மென்பொருளையெல்லாம் கைவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறது. இரண்டு மாதமாக நான் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்ததோடு சரி, எதையும் தொடவில்லை. இப்படியே போனால் அடுத்த குழுவில் எனக்கு இடம் இருக்காது. போனமாதம் அக்காவிடம் புலம்பினேன். அது பாவா காதில் விழுந்திருக்கிறது. மஞ்சள் பை வந்தது.

இன்று காலை அந்த லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே அவர் கடைசியாகக் கட்டிய க்யூப் அப்படியே இருந்தது. ஊர்களுக்கு இரண்டு படிவரிசை வைத்திருந்தார். ஒன்றின் பெயர் ‘அரசாங்கப்படி’. மற்றதன் பெயர் ‘நம்ம பக்கம்’. அதில் நகரியும் புத்தூரும் திருத்தணிக்குக் கீழேயே இருந்தன. ஒரே ஊரை இரண்டு வரிசையில் வைக்கலாம் என்று நான் அவருக்குச் சொல்லித் தரவே இல்லை. புதிதாக நிறுவ வேண்டுமானால் இதை அழித்தாக வேண்டும். போன் போட்டேன்.

“பாவா, ‘நம்ம பக்கம்’ உள்ளயே இருக்கு. அழிக்க மனசு வரல. ஒரு காப்பி எடுத்து வச்சிக்கட்டுமா?”

“மூடியில இன்னா எழுதியிருக்கு, படி.”

“உடைக்கலாம்னு.”

“ஆங்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரயில் ஏறுகிற நேரம் அவருக்கு.

காப்பி எடுக்காமலே எல்லாவற்றையும் அழித்தேன். புதியதை முதலிலிருந்து நிறுவ ஆரம்பித்தேன். பத்தே நிமிஷத்தில் முதல் சிவப்புச் செய்தி வந்தது. நானும் ஒரு லாங்சைஸ் நோட்டில் கட்டம் போட்டு அதை எழுதிக்கொண்டேன்.