ஜீவராணி பறித்த நிரை

என் அண்ணி ஜீவராணி யாருடைய முகத்தையும் மொத்தமாகப் பார்க்க மாட்டார். முதலில் மூக்கு, பிறகு ஒரு கண், அப்புறம் வாய். அவருடைய பார்வை என் முகத்தில் எதையோ தேடித் தேடி நகரும். ஒற்றை அறைக் காம்பராவில் இத்தனை வருடமாகக் கூட இருக்கும் நாத்தனார் நான். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் நான் யாரென்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். "பேசு லெச்சுமி" என்பார். பேசினால் போதும், அவருக்கு முகம் கூடிவிடும். சிரிப்பார்.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அண்ணிக்கு நோய் வந்தபோது, முனி பிடித்துவிட்டதென்று வரிசை வீடுகளான எங்கள் லயமே சொன்னது. பூசாரி, உடுக்கு, வேப்பிலை எல்லாம் ஆனது. கடைசியில் என் அண்ணன் சுமன்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனச்சிதைவு நோய் என்றார்கள். மருந்து குடிக்கத் தொடங்கியதும் காதுக்குள் பேசிய குரல்கள் அடங்கின. பூசைக்குப் பயந்து முனி போய்விட்டது என்று லயம் பெருமையடித்துக்கொண்டது. மருந்துக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

ஆனால் போகாத ஒன்று இருந்தது. டாக்டர் அம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணில் குறை இல்லை. கண் கொண்டுவருவதை ஒன்றாகச் சேர்க்க மூளை தடுமாறுகிறது. இப்போது பார்த்ததையும் கேட்டதையும் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைத்திருப்பதும் கஷ்டம். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே அண்ணி கறிக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டார். கத்தினேன்.

"இப்பத்தானே சொன்னேன் அண்ணி!"

"கேட்டுச்சு லெச்சுமி. கையில புடிச்ச தண்ணி மாதிரி ஓடிருது."

கொழுந்து பறிக்கும் மலை வேலை ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். "மலைக்குப் போற வரைக்கும் நான் மனுஷி. காம்பராவுல ஒக்கார வச்சிட்டா அதுங்க மறுபடி பேச வந்துரும்" என்பார். அப்படிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், அதுங்க காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல.

போன மாதம் இரண்டு முறை அடுத்தவளுக்கு ஒதுக்கிய தேயிலை நிரைக்குள் போய்ப் பறித்துச் சண்டையாகிவிட்டது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, இன்னொரு தப்பு நடந்தால் ஜீவராணி மலைக்கு வர வேண்டாம் என்று கங்காணி பழனியாண்டியிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து என் நிரைக்குப் பக்கத்து நிரையையே அண்ணிக்குக் கேட்டு வாங்கினேன்.

அன்று காலையிலேயே மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒருத்தி கூப்பிட்டால் பக்கத்து நிரைக்காரி குரல் கொடுக்க வேண்டும். எங்கள் மலையில் அதுதான் வழக்கம்.

"அண்ணி!"

"ஆங்!"

பறித்துக்கொண்டே மேலே ஏறினேன். ஏற ஏறக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் ஏறுகிறேன், அந்தக் குரல் ஏறவில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே மாதிரி, "ஆங்" என்கிறது. நானும் இந்த லயத்தில் பிறந்தவள்தானே, முனி ஞாபகம் வந்துவிட்டது.

இறங்கிப் போனேன். அண்ணி ஒரு செடிமுன் நின்று பறித்துக்கொண்டிருந்தார். செடியில் கொழுந்து இல்லை, இலை இல்லை, வெறும் குச்சி. அந்தக் குச்சிகளை விரல்கள் கிள்ளிக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் ரத்தம். கை கூடைக்குப் போகும், திரும்பும்; அதற்குள் அந்தச் செடி அவருக்குப் புதுச் செடியாகிவிடும்.

"பாதி மலைய முடிச்சிட்டேன் லெச்சுமி" என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் பனிக்குள் கங்காணியின் செருமல் கேட்டது. செடியைப் பார்த்தாரென்றால் அண்ணியின் வேலை போய்விடும். கூடைகளை மாற்றினேன். அண்ணியைத் தோளைப் பிடித்து என் நிரைக்குத் திருப்பிவிட்டேன். மொட்டைச் செடிமுன் நான் நின்றுகொண்டேன்.

பழனியாண்டி செடியைப் பார்த்தார். என் கூடைக்குள் கையை விட்டு முத்தல் இலையை அள்ளினார்.

"என்னம்மா இது, செடிய உயிரோட உரிச்சு வச்சிருக்க?"

"என் நெரதான் கங்காணி. ஏதோ கோவத்துல பறிச்சிட்டேன்."

"கோவத்தக் காட்ட தேயிலதான் கெடைச்சுதா? இன்னைக்கு ஒனக்கு அரைப் பேருதான்." அரைநாள் சம்பளம் போயிற்று. போகட்டும்.

அண்ணியின் தோளில் இருந்த கூடையையும் பார்த்தார். அது நான் பறித்த கொழுந்து, குறை சொல்ல முடியாது. "சுத்தமா எடுத்திருக்கியே ஜீவராணி! கண்டாக்கு ஐயாகிட்டச் சொல்றேன். நாளைக்கும் வா" என்றார்.

அப்போதுதான் அண்ணி கிட்டே வந்தார். ரத்தம் காயாத விரலால் ஒரு குச்சியைத் தொட்டார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை. அந்தச் செடியை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"ஏன்டி இப்புடிப் பண்ணுன? வாயில்லாத செடி, அதுக்கு வலிக்காதா?"

கங்காணி சிரித்தார். "நல்லாக் கேளு. ஒங்கண்ணிகிட்டக் கொஞ்சம் கத்துக்க."



"தெரியாமச் செஞ்சிட்டேன் அண்ணி."

"இனிமே செய்யாத" என்று சொல்லிவிட்டு, என் கூடையோடு அண்ணி பனிக்குள் ஏறிப்போனார்.