அம்மா சேற்றில் நட்ட டெய்சி

எங்கள் அம்மா திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நடவு வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். அப்பாவைக் கைப்பிடித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்த பிறகும் நடவுதான். அந்த உழைப்பில்தான் தம்பியும் நானும் படித்தோம். சொந்தமாகக் கொஞ்சம் வயலும் வந்தது. வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் அம்மாவை யாரும் ஏமாற்றிவிட முடியாது.

அப்பா மறைந்த பிறகு அம்மா கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புயலில் மாமரம் விழுந்து, அங்கே நாள் முழுக்க வெயில் காய்ந்தது. அவரை எப்படியாவது வெளியே வரவைக்க வேண்டும் என்று, ஒரு தை மாதம் நர்சரியிலிருந்து ஆப்பிரிக்க டெய்சி நாற்றுகள் வாங்கிவந்து கொடுத்தேன். அம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? கொல்லையில் தண்ணீர் கட்டி, சேறாக மிதித்து, குத்துக்கு மூன்று நான்காக நெல் நாற்றைப் போலவே வரிசை பிடித்து நட்டுவிட்டார். அத்தனையும் அழுகிப்போயின. "தண்ணி வேணாங்கிற பயிரும் உண்டாடி?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஆனால் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. அடுத்த ஆண்டு மணல் கலந்து மேடு கட்டி, ஒற்றை ஒற்றையாக நட்டார். மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்தன. வெயில் ஏறினால் விரியும், பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். பூ விரிகிற நேரத்துக்கு அம்மாவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. கோடையில் செடி கருகுவதற்குள் விதை எடுத்து வைத்து, வருடந்தோறும் விதைத்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அந்தப் பேச்சுதான். "மேகமா இருந்தா பூ மூடித்தான் கெடக்கும். வாடிப்போச்சுன்னு தண்ணிய ஊத்திடாதீங்க. வெயில் வந்தா தானா விரியும்."

அம்மாவை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. பூக்களெல்லாம் மூடிக்கிடந்தன. செடியும் அம்மாவோடு போய்விட்டது என்று வந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். தம்பி மனைவி மனசு கேட்காமல் குடத்தைத் தூக்கினாள். தம்பி வாங்கி வைத்துவிட்டான். மறுநாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியபோது நல்ல வெயில். மேடு முழுக்கப் பூ விரிந்திருந்தது. அங்கேயே நின்று அழுதேன். அழுத பிறகு மனசு லேசாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த சித்திக்கும், அம்மாவோடு நடவு நட்டு, கடைசிவரை கூடவே நின்ற பெண்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அன்று விரிந்த பூக்களின் விதையைத்தான் அம்மாவின் இந்த நினைவு மலரோடு பொட்டலமாகத் தந்திருக்கிறோம். அடைமழை விட்டதும் வெயில் படுகிற மேட்டில் விதையுங்கள். நாமெல்லாம் வயல்காட்டு ஆட்கள், குடத்தைத் தூக்கக் கை துறுதுறுக்கும். பூ மூடிக்கிடந்தால் பயப்படாதீர்கள். வெயில் வரட்டும்.