ஞாயிற்றுக்கிழமை மனு

இன்று தெருக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்ததும், நான் குன்னூர்ப் பக்கம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்கே நினைப்பில் போய்விட்டேன். அங்கே குடிக்க ஒரே ஓடைதான். ஃபேக்டரி கழுவின தண்ணீரும் அதில்தான் வரும், எவ்வளவு பவுடர் போட்டாலும் மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது கர்த்தருக்கே கொடுப்பது என்று நம்பிய அம்மாவும் ஜெபக்குழுப் பெண்களும், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, குழாய் கேட்டு எழுதிய மனுவோடு, ஈரக் குடையும் காலில் அட்டையுமாக எஸ்டேட் ஆபீசுக்கு நடப்பார்கள்; முந்தானையைப் பிடித்தபடி நானும்.

"ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவுங்க," என்பார் வாட்ச்மேன்.

"எங்களுக்கும் இன்னிக்கு மட்டுந்தானுங்க லீவு," என்பார் அம்மா. "கர்த்தர் லீவு போடறதில்லீங்க, அவரு படிச்சுக்குவாரு."

மனுவைக் கதவிடுக்கில் தள்ளி, பூட்டுக்கு முன்னால் ஒரு பாட்டும் பாடி, ஆமென் சொல்லிவிட்டு வருவோம். பூட்டு ஒருநாளும் ஆமென் சொன்னதில்லை.

ஒருவழியாக ஆபீசிலிருந்து ஆள் வந்தார். எஸ்டேட்டை விற்றாயிற்று, லைனை இடிக்கப்போகிறார்கள், காலி செய்யுங்கள் என்றார். குழாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடேறி வந்ததில் மூச்சு வாங்க, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். "பொறுங்க, காய்ச்சித் தாரேன். பச்சத் தண்ணி உங்களுக்கு ஆகாதுங்க."